ஜைனக் குடும்பத்தின் கோத்திரத்தையும் வம்சாவளியையும் தேடுவது எப்படி? தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் 'ஜெயின்' என்று மட்டும் இருக்கும். அப்பாவின் கடைப் பலகையில் வேறு ஒரு பெயர் இருக்கும். கல்யாணப் பேச்சு வந்ததும் பெரியப்பா உட்கார்ந்து, "நம்ம கோத்திரம் இது, உங்க அம்மா வழி அது, பாட்டி வழி இன்னொண்ணு" என்று அடுக்குவார். சென்னையிலோ வேலூரிலோ கோவையிலோ மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் ராஜஸ்தான் ஜைனக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. மார்வாடியில் தாத்தா சொல்வது பாதிதான் பிடிபடும். அவர்களுக்காகவும், அந்த வீடுகளுக்குள் மருமகளாக, மருமகனாக, நண்பராக வந்து இந்தப் பெயர்களைக் கேட்டுத் திகைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் ராஜஸ்தான் ஜைனச் சமூகங்களில் ஒன்றான ஓஸ்வால் குடும்பங்களை வைத்தே சொல்கிறேன். மற்றவர்களுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடும்பப் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். ஒரே வம்சத்தில் அண்ணன் ஒரு பெயரையும் தம்பி இன்னொரு பெயரையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் வழி தவறும். பெயரோடு ஊரையும், ஊரோடு பெண் கொடுத்து எடுத்த வீடுகளையும் சேர்த்துத் தேடினால்தான் வம்சம் பிடிபடும்.

முதல் படி: நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். "நாங்க தேராபந்த்" என்று ஒருவர் சொன்னால் அதையே கோத்திரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் நான்கு தலைப்புகள் போட்டுக்கொள்ளுங்கள்: சமூகம், கோத்திரம், சம்பிரதாயம், பூர்வீக ஊர்.

சமூகம் என்பது ஓஸ்வால், போர்வால், ஸ்ரீமால், கண்டேல்வால், அகர்வால், பர்வார், பகேர்வால் போன்றது. இவற்றில் பல ஏதோ ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தவை. ஓஸ்வாலுக்கு ஜோத்பூருக்கு வடக்கே உள்ள ஓசியான், ஸ்ரீமாலுக்கு இன்று பீன்மால் என்று அழைக்கப்படும் ஸ்ரீமால் நகரம், கண்டேல்வாலுக்கு சீகர் பக்கத்துக் கண்டேலா, அகர்வாலுக்கு ஹரியாணாவின் அக்ரோஹா, பகேர்வாலுக்கு பகேரா. குஜராத் பக்கம் போனால் இதற்குள்ளேயே 'வீசா', 'தசா' என்று இரண்டு பிரிவுகள் வரும்: வீசா ஓஸ்வால், தசா ஓஸ்வால், வீசா ஸ்ரீமாலி, தசா ஸ்ரீமாலி. அதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

கோத்திரம் என்பது அந்தச் சமூகத்துக்குள் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாகக் கருதப்படும் கிளை: போத்ரா, பாஃப்னா, சுரானா, பண்டாரி, லோடா, சோரடியா, சஞ்சேதி, நாஹடா என்று நீளும். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரே கோத்திரத்தார் பங்காளிகள். ஓஸ்வால்களுக்கு மொத்தம் 1444 கோத்திரங்கள் என்று மரபில் ஓர் எண் சொல்வார்கள். யாரும் உட்கார்ந்து எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை அது. கிளைகள் அவ்வளவு பெருகிவிட்டன என்பதற்கு அடையாளம்.

சம்பிரதாயம் என்பது வழிபாட்டு முறை. சுவேதாம்பரத்தில் மூர்த்திபூஜகர், ஸ்தானகவாசி, தேராபந்த், பிறகு திகம்பரர். இது ஒரு தலைமுறையிலேயே மாறக்கூடியது. தேராபந்தை ஆசார்ய பிக்ஷு தொடங்கியதே 1760இல்தான். போத்ராக்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். ஒரே கோத்திரத்தில் ஒரு வீடு கோயிலுக்குப் போகும், அடுத்த வீடு விக்கிரகம் இல்லாத ஸ்தானகம் என்ற வழிபாட்டுக் கூடத்துக்குப் போகும். ஆகையால் சம்பிரதாயத்தை வைத்துப் பங்காளியா இல்லையா என்று முடிவுகட்ட முடியாது.

சமூகத்தையும் கோத்திரத்தையும் ஏன் சேர்த்தே எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கோடாரி, மேத்தா, பண்டாரி, சேட்டி, சோப்ரா போன்ற பெயர்கள் ஜைனரல்லாதவர்களிடமும் இருக்கின்றன. அகர்வால்களின் கர்க், கோயல், பன்சல், மித்தல், ஜிந்தல் முதலான 18 கோத்திரங்களில் ஜைனரும் உண்டு, வைணவரும் உண்டு. வெறும் 'கோயல்' என்று எழுதி வைத்தால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே விளங்காது.

இரண்டாம் படி: வீட்டின் மூத்த பெண்களிடம் தொடங்குங்கள்

எல்லாரும் தாத்தாவிடம்தான் முதலில் ஓடுவார்கள். தாத்தா தன் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஒரே கோட்டில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். பாட்டிக்குத்தான் நாலு பக்கமும் தெரியும். அவர் ஒரு கோத்திரத்தில் பிறந்து இன்னொரு கோத்திரத்துக்கு வந்தவர். நாத்தனார்களை வேறு கோத்திரங்களுக்கு அனுப்பியவர். மருமகள்களை இன்னும் வேறு கோத்திரங்களிலிருந்து கூட்டி வந்தவர். யார் வீட்டுப் பெண் எந்த ஊருக்குப் போனாள் என்பது விரல் நுனியில் இருக்கும்.

"நம் வம்சத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதில் வராது. கல்யாணங்களைப் பற்றிக் கேளுங்கள். "தாதிசா, உங்க பீஹர் எந்த ஊரு? உங்க அம்மாவோட பீஹர் எது?" பீஹர் என்றால் பிறந்த வீடு, ஸஸுரால் புகுந்த வீடு, நனிஹால் தாய்வழிப் பாட்டன் வீடு. இந்த மூன்று சொல்லும் வாயில் வந்துவிட்டால் பேச்சு தானாக ஓடும். "உங்க கல்யாணத்துக்கு மாய்ரா கொண்டுவந்தது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். மாய்ரா என்பது தாய்மாமன் சீர். அதைக் கொண்டுவந்தவரின் பெயர், ஊர், கோத்திரம், என்னென்ன வைத்துக்கொடுத்தார்கள் என்பது வரை வந்து விழும். தாய்மாமன் வீடு தெரிந்துவிட்டால் ஒரு தலைமுறை முன்னே உள்ள பெண்வழி உறுதியாகிவிடும்.

அடுத்து, குழந்தைக்கு முதல் முடி எங்கே இறக்கினார்கள் என்று கேளுங்கள். அதை ஜடூலா என்பார்கள். கல்யாணமானதும் புதுமணத் தம்பதி 'ஜாத்' என்ற வழிபாட்டுக் காணிக்கை கொடுக்க எந்தக் கோயிலுக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள். குடும்பம் சென்னைக்கு வந்து எண்பது வருடம் ஆகியிருக்கலாம், வீடு விற்றுப்போயிருக்கலாம். ஆனாலும் ஜடூலாவுக்கும் ஜாத்துக்கும் பழைய குலதேவி கோயிலுக்கோ பைரவர் சன்னிதிக்கோதான் போய் வருவார்கள். நம் ஊரில் குலதெய்வக் கோயிலை வைத்துப் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கிறோமே, அதே வழிதான். ஓஸ்வால்களில் பலருக்குக் குலதேவி ஓசியானின் சச்சியாய் மாதா. வேறு குலதேவி உள்ள கோத்திரங்களும் நிறைய உண்டு என்பதால் ஊகித்து எழுதாதீர்கள்.

இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: "நம்ம வீட்டிலிருந்து யாராவது கோத் போனாங்களா? யாராவது வந்தாங்களா?" கோத் என்றால் சுவீகாரம். மார்வாடி வணிகக் குடும்பங்களில் பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தம்பியின் மகனைக் கொடுப்பது மிகச் சாதாரணம். இதைக் கேட்காமல் விட்டால் வம்சாவளியில் ஒரே ஆள் இரண்டு அப்பாக்களின் கீழ் வருவார், அல்லது ஒரு கிளை திடீரென்று காணாமல் போகும். சுவீகாரம் போனவரை இரட்டைக் கோடு போட்டு இரு வீட்டிலும் காட்டுங்கள். தூரத்து வீட்டுக்குச் சுவீகாரம் போயிருந்தால் கோத்திரமே மாறியிருக்கக்கூடும்.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேளுங்கள். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். பழைய கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டால் நினைவு நன்றாக வரும்.

மூன்றாம் படி: பெயர் எந்த வகை என்று பாருங்கள்

கோத்திரப் பெயர்கள் பல வழிகளில் பிறந்தவை. பெயரின் வகை தெரிந்தால் அடுத்து எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

ஊரால் வந்த பெயர்கள்: போகரணிலிருந்து போகர்ணா, கீம்வசரிலிருந்து கீம்வசரா. கண்டேல்வால்களில் காஸ்லி என்ற ஊரிலிருந்து காஸ்லிவால், அஜ்மீரிலிருந்து அஜ்மேரா. மூதாதையால் வந்த பெயர்கள்: முடிவில் 'ஓத்' அல்லது 'ஆவத்' என்று வந்தால் பெரும்பாலும் 'இன்னாரின் வழிவந்தவர்' என்று பொருள். பச்சராஜின் வழியினர் பச்சாவத். மோகனின் வழியினர் முஹணோத். மார்வாரின் திவானாக இருந்து அந்நாட்டின் வரலாற்றை எழுதி வைத்த முஹணோத் நைண்சி (1610–1670) அந்தக் கோத்திரத்தவர். பதவியால் வந்தவை: பண்டகசாலையைப் பார்த்தவர் பண்டாரி, கோட்டாரத்தைப் பார்த்தவர் கோடாரி, கஜானாவைப் பார்த்தவர் கஜாஞ்சி. செயலால் வந்தது: தன் செலவில் சங்கத்தை, அதாவது ஜைன அடியார் கூட்டத்தை, தீர்த்த யாத்திரை அழைத்துச் சென்றவர் சங்கபதி, அதுவே சிங்வி, சங்வி ஆயிற்று.

பதவிப் பெயரும் பட்டமும்தான் அதிகம் ஏமாற்றும். ஒன்றை விரிவாகப் பார்ப்போம். உதயப்பூரில் 18ஆம் நூற்றாண்டில் மேவார் அரசின் பிரதானாக, அதாவது தலைமை அமைச்சராக இருந்தவர் மேத்தா அகர்சந்த். 'மேத்தா' என்பது அரசுப் பணியால் வந்த அடைமொழி. அவர் குடும்பம் பச்சாவத் கிளை. பச்சாவத்துகளோ போத்ரா கோத்திரத்தின் ஒரு பிரிவு. பீகானேரில் ராஜா ராய்சிங்கின் அமைச்சராக இருந்து பிறகு அக்பரின் அரசவைக்குச் சென்ற கரம்சந்த் பச்சாவத்தும் இதே கிளை. கரம்சந்தின் பிள்ளைகள் பின்னாளில் பீகானேரில் சூர்சிங் ஆட்சியில் கொல்லப்பட்டார்கள் என்றும், கர்ப்பிணியாக வெளியூரில் பிறந்த வீட்டில் இருந்த மருமகள் ஒருத்தியால்தான் வம்சம் மேவாரில் தழைத்தது என்றும் மரபு சொல்கிறது. இப்போது கணக்குப் பாருங்கள்: உதயப்பூரில் மேத்தா என்று எழுதும் ஒருவரும், பீகானேரில் பச்சாவத் என்று எழுதும் ஒருவரும், கொல்கத்தாவில் போத்ரா என்று எழுதும் ஒருவரும் பங்காளிகளாக இருக்கலாம். அதே சமயம் பக்கத்துத் தெருவில் உள்ள இன்னொரு மேத்தாவுக்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் இருக்கலாம்.

இப்படிப் பெயர் வேறாகி வேர் ஒன்றாக இருப்பதை 'பாய்பா' என்பார்கள். சோரடியா, கோலேச்சா, பாரக் ஆகியவை ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்பது ஓஸ்வால் மரபு. உங்கள் கோத்திரத்துக்குப் பாய்பா உள்ள கோத்திரங்கள் எவை என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண விஷயத்தில் இது தேவைப்படும்.

புந்தேல்கண்டின் பர்வார் ஜைனர்களிடம் பெயரை வைத்துக் கோத்திரத்தை ஊகிக்கவே முடியாது. 'சிங்கயி' என்பது கஜரதம் ஓட்டிப் பிரதிஷ்டை நடத்தியவருக்குச் சமூகம் கொடுத்த பட்டம். அதற்கு மேல் 'சவாயி சிங்கயி'. அவர்களின் கோத்திரங்கள் 12. ஒவ்வொன்றுக்கும் 'மூர்' என்ற உட்கிளைகள் 12, ஆக 144. வீட்டுப் பெரியவர் சொன்னால் ஒழிய அது எந்தப் பெயர்ப்பலகையிலும் இருக்காது. குஜராத்தில் 'ஷா' என்று போட்டுக்கொள்ளும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் இதே நிலைதான். பழைய 'அடக்', அதாவது குடும்பப் பெயர், என்ன என்று கேட்டால்தான் கிளை தெரியும்.

நான்காம் படி: வீட்டுக் காகிதங்கள்

கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ராஜஸ்தான் ஜைனக் குடும்பங்களின் குங்குமப் பத்திரிகை ஒரு வம்ச ஆவணம். மணமகனின் தாத்தா பெயர், அப்பா பெயர், பெரியப்பா சித்தப்பாக்கள், அதோடு "பாலி நிவாசி, ஹால் முகாம் சென்னை" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். நிவாசி என்று இருப்பது பூர்வீகம். ஹால் முகாம் என்பது இப்போது இருக்கும் இடம். தாய்வழிப் பாட்டன் வீட்டார் பெயரையும் பல பத்திரிகைகள் தனியே போடும். ஐம்பது வருடத்துப் பத்திரிகைகள் ஒரு பையில் கிடைத்தால் உங்கள் வேலை எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பாருங்கள். மறைவுச் செய்தி அட்டைகளையும் இப்படியே சேர்க்கலாம்.

பிறகு பஹி. சிவப்புத் துணி அட்டை போட்டு, நீளவாக்கில் மடித்துக் கயிறு கட்டிய கணக்குப் புத்தகம். யாருக்குக் கடன் கொடுத்தோம், எந்த ஊர் உறவுக்குச் சீர் அனுப்பினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் பழைய பஹிகள் மஹாஜனி என்றும் முடியா என்றும் சொல்லப்படும் எழுத்தில் இருக்கும். உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வேகமாக எழுதும் முறை அது. "காகா அஜ்மேர் கயா" (சித்தப்பா அஜ்மீர் போனார்) என்று எழுதியதை "காகா ஆஜ் மர் கயா" (சித்தப்பா இன்று இறந்துவிட்டார்) என்று படித்து வீடே அழுத கதையை மார்வாடிப் பெரியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆகவே நீங்களாகப் படித்து முடிவுக்கு வராதீர்கள். கடைக் கணக்கெழுதிய பழைய முனீம்ஜிக்கள் யாராவது இருந்தால் இப்போதே உட்கார்ந்து படித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்; இது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம்.

தேதிகள் விக்ரம சம்வத்தில் இருக்கும். ராஜஸ்தான் வழக்கில் ஆண்டு சித்திரை மாத வளர்பிறையில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் வரை உள்ள தேதிகளுக்கு 57ஐக் கழியுங்கள். ஜனவரியிலிருந்து அந்த ஆண்டு முடியும் வரை 56ஐக் கழியுங்கள். குஜராத்தில் தீபாவளி கழிந்து கார்த்திகையில் ஆண்டு பிறப்பதால் அங்கே ஜனவரி முதல் தீபாவளி வரை முழுவதற்கும் 56தான். 'சுதி' வளர்பிறை, 'வதி' தேய்பிறை. வதி என்று வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்: ராஜஸ்தானில் பௌர்ணமியோடு மாதம் முடியும், குஜராத்தில் அமாவாசையோடு முடியும். ஒரே தேய்பிறைக்கு இரண்டு பகுதிகளிலும் வெவ்வேறு மாதப் பெயர் இருக்கும். ஆவணத்தில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் மாற்றிய தேதியைப் போடுங்கள். மூலத்தை அழித்துவிட்டு மாற்றியதை மட்டும் வைத்தால் பிறகு பிழை திருத்த வழியிருக்காது.

ஐந்தாம் படி: விக்கிரகத்தின் பின்பக்கம்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ராஜஸ்தான், குஜராத் ஜைனக் கோயில்களில் சாண் உயரமுள்ள பித்தளை, பஞ்சலோக விக்கிரகங்கள் வரிசையாக இருக்கும். முன்பக்கம் தீர்த்தங்கரர், திருப்பினால் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. 15, 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை ஏராளம். அந்தப் பொறிப்புகள் கிட்டத்தட்ட ஒரே வார்ப்பில் இருக்கும்: சம்வத்து இத்தனை, மாதம், சுதி அல்லது வதி, திதி, பிறகு "உபகேச ஞாதீய, இன்ன கோத்ரே", பிறகு "ஸா. இன்னார், பார்யா இன்னாள், புத்ர இன்னார்", பிறகு யாருடைய 'ச்ரேயஸ்', அதாவது ஆன்ம நன்மைக்காக, எந்தத் தீர்த்தங்கரரின் 'பிம்பம் காரிதம்', கடைசியில் எந்தக் கச்சத்தின் (துறவியர் பிரிவின்) எந்த சூரியால் (ஆசார்யரால்) 'ப்ரதிஷ்டிதம்'.

உபகேச என்று இருந்தால் ஓஸ்வால். ப்ராக்வாட என்றால் போர்வால். 'ஸா.' என்பது வணிகப் பெருமக்களுக்கான மரியாதை அடைமொழி, 'பா.' மனைவி, 'பு.' மகன். மற்ற ஆவணங்களில் காணக் கிடைக்காத பெண்களின் பெயர்கள் இங்கே துலக்கமாக நிற்கும். அம்மாவின் நன்மைக்காக மகன் செய்துவைத்தது, மனைவி தானே செய்வித்தது என்று பலவகை உண்டு. வம்சாவளி எழுதுபவர்கள் ஆண் பெயர்களோடு நின்றுவிடாமல் இந்தப் பெயர்களையும் ஏற்ற வேண்டும்.

விக்கிரகத்தைத் தொட நினைக்காதீர்கள். மூர்த்திபூஜகக் கோயிலில் குளித்து, பூஜை உடை அணிந்தவர்தான் தொடலாம். நிர்வாகத்தாரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, பூசாரி திருப்பிக் காட்டும்போது பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் படம் எடுங்கள். மாவு, மை, எண்ணெய் எதையும் எழுத்தின் மேல் தேய்க்கக் கூடாது. நேரில் போக முடியாவிட்டாலும் வழி உண்டு. பூரண்சந்த் நாஹர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஊர்களின் ஜைனப் பொறிப்புகளைப் படியெடுத்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பீகானேர்ப் பகுதிக்கு அகர்சந்த் நாஹடாவும் பவர்லால் நாஹடாவும் அதே பணியைச் செய்தார்கள். அகர்சந்த் நாஹடா வளர்த்த அபய ஜைன கிரந்தாலயம் பீகானேரில் இருக்கிறது. கையெழுத்துச் சுவடிகளுக்குப் போகவேண்டிய இடம்.

ஓர் எச்சரிக்கை. விக்கிரகங்கள் ஊர் விட்டு ஊர் பயணப்பட்டவை. ஜீவராஜ் பாப்டிவால் என்ற கண்டேல்வால் ஜைனர் சம்வத் 1548 வைசாக சுதி 3 அன்று, அதாவது 1491 வாக்கில், மூடாசா என்ற ஊரில் பட்டாரகரான (திகம்பர மடத் தலைவரான) ஜினசந்திரரைக் கொண்டு பெரும் எண்ணிக்கையில் விக்கிரகங்களைப் பிரதிஷ்டை செய்வித்து நாடெங்கும் அனுப்பினார். இன்று எத்தனையோ ஊர்களின் திகம்பரக் கோயில்களில் அவர் பெயர் பொறித்த விக்கிரகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்த ஊரில் பாப்டிவால்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. பொறிப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோத்திரமும் காலமும் மட்டுமே உறுதி.

ஆறாம் படி: பாட்களும் குலகுருவும்

பல கோத்திரங்களுக்குப் பரம்பரையாக வம்சாவளி எழுதி வைத்தவர்கள் உண்டு. சில இடங்களில் பாட் அல்லது ராவ். சில இடங்களில் குலகுரு, மாத்தேரன் எனப்பட்ட மகாத்மாக்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை பஹியைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தைத் தேடி வருவார்கள். பழைய பெயர்களைப் படித்துக் காட்டி, புதிதாகப் பிறந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வெகுமதி வாங்கிப் போவார்கள். உங்கள் குடும்பத்துக்கு இருந்தவர் யார், எந்த ஊர் என்று பூர்வீக ஊரில் விசாரியுங்கள். போனால் மரியாதையாகப் போங்கள். அந்தப் பஹிதான் அவர்கள் சொத்து. படமெடுப்பதற்கு முன் கேளுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளின் பெயரையும் ஏற்றச் சொல்லுங்கள். அண்மையில் உள்ள ஐந்தாறு தலைமுறைகளை மற்ற காகிதங்களோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேலே போகப் போக ராஜாக்களும் போர்களும் அற்புதங்களும் வந்துவிடும். அந்தப் பகுதியைத் தனியே வையுங்கள்.

ஏழாம் படி: கதையையும் ஆவணத்தையும் கலக்காதீர்கள்

ஓஸ்வால் தோற்றக் கதை இது: மகாவீரர் முக்தியடைந்து 70 ஆண்டுகள் கழித்து ரத்னபிரபசூரி உபகேசபுரத்துக்கு, அதாவது ஓசியானுக்கு வந்தார், அரசன் உபல்தேவனும் மக்களும் ஜைனம் தழுவினார்கள், பலி கேட்ட சாமுண்டி பலியை விட்டுச் சச்சியாய் மாதா ஆனாள், முதலில் 18 கோத்திரங்கள் உண்டாயின. பாஃப்னா, சஞ்சேதி, ஸ்ரீஸ்ரீமால் முதலியவை அந்தப் பதினெட்டில் அடக்கம். இன்று ஓசியானில் நிற்கும் பழைய கோயில்களோ 8ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகின்றன. அங்குள்ள மகாவீரர் கோயிலின் 956ஆம் ஆண்டுக் கல்வெட்டு பிரதிஹார அரசன் வத்சராஜனைக் குறிப்பிடுகிறது. கதை சொல்லும் காலத்துக்கும் கல் சொல்லும் காலத்துக்கும் நடுவே ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி.

வேறு பல கோத்திரங்கள் தங்கள் தொடக்கத்தை தாதாகுரு ஜினதத்தசூரியோடு (1075–1154) இணைக்கின்றன. கண்டேல்வால்கள் கண்டேலாவில் ஜினசேனாசாரியரால் 84 கோத்திரங்கள் உண்டானதாகச் சொல்கிறார்கள். இவற்றைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. தம்மை யாராகக் கருதிக்கொண்டார்கள், வாளை வைத்துவிட்டு அகிம்சைக்கு வந்தவர்கள் என்பதில் எவ்வளவு பெருமை கொண்டார்கள் என்பதை இவை காட்டுகின்றன. நோட்டில் 'மரபு' என்று ஒரு பத்தி, 'ஆவணம்' என்று ஒரு பத்தி வைத்து இரண்டையும் எழுதுங்கள். 'ரஜபுத்திர வம்சம்' என்று பெருமைக்காக வம்சாவளியின் உச்சியில் ஒட்டி வைப்பது வேண்டாம். ஒரு கோத்திரம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்ற பேச்சுக்கும் இந்த வேலையில் இடம் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: கல்யாணத்துக்குக் கோத்திரம் பார்ப்பது

பெரும்பாலோர் இந்தத் தேடலுக்கு வருவதே இதனால்தான். பழைய வழக்கில் நான்கு கோத்திரங்களைத் தவிர்ப்பார்கள்: தன்னுடையது, அம்மா பிறந்த வீட்டினுடையது, அப்பாவின் அம்மா பிறந்த வீட்டினுடையது, அம்மாவின் அம்மா பிறந்த வீட்டினுடையது. ஒரு பையன் போத்ரா. அம்மா சுரானா வீட்டுப் பெண். அப்பாவழிப் பாட்டி நாஹடா. அம்மாவழிப் பாட்டி தூகட் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கும் இப்படி நான்கு எழுதி, இரு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இன்று நிறையக் குடும்பங்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. எந்த அளவுக்குப் பார்ப்பது என்பதை இரு வீட்டுப் பெரியவர்களும் முதல் பேச்சிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பாய்பா கோத்திரங்களையும் மறக்காதீர்கள்: போத்ராவுக்குப் பச்சாவத் பங்காளி.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்கு மாமன் மகள் முறைப்பெண். ஓஸ்வால் வீட்டில் மாமன் மகள் தங்கை. மாமன் கோத்திரமே விலக்கு. வட இந்திய ஜைன நண்பரிடம் "மாமா பொண்ணைக் கட்டிக்க வேண்டியதுதானே" என்று விளையாட்டாகக் கூடச் சொல்லாதீர்கள், மனம் புண்படும். கர்நாடக, தக்காண ஜைனரிடையே மாமன் மகளை மணக்கும் வழக்கம் உண்டு. துளு நாட்டு ஜைனர்களோ அளியசந்தானக் கட்டுப்படி தாய்வழியில் வம்சம் எண்ணி வந்தவர்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காட்டுத் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பங்களின் வரலாறு முற்றிலும் தனி. மேல்சித்தாமூர் மடத்தோடும் தொண்டை நாட்டு ஊர்களின் ஜினாலயங்களோடும் பிணைந்தது. ஓஸ்வால் கட்டங்களை அவர்கள் மேல் போட்டுப் பார்க்கக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஜைனருக்கும் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே பொருந்தும். ஒரே கோத்திரம் என்பதால் திருமணம் செல்லாது என்ற நிலை அதற்கு முன்பே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிவிட்டது. சட்டம் பார்ப்பது நெருங்கிய இரத்த உறவைத்தான்: தந்தை வழியில் ஐந்து தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறை, மாறான வழக்கம் இருந்தால் ஒழிய. கோத்திரம் பார்ப்பதும் விடுவதும் குடும்பத்தின் முடிவு.

கடைசியாக, எழுதி வைப்பது

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், அழைக்கும் பெயர், பிறந்த ஊர், அப்பா, அம்மா, அம்மாவின் பீஹரும் கோத்திரமும், கல்யாணம், சுவீகார விவரம், இதை யார் எப்போது சொன்னார்கள் என்பது. பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றும் வழக்கம் சில வீடுகளில் இருந்ததால் இரண்டு பெயரையும் போடுங்கள். கோத்திரப் பெயர்களைத் தமிழிலும் தேவநாகரியிலும் எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் 'பண்டாரி'யின் 'ப'வை எப்படி ஒலிப்பது என்று அடுத்த தலைமுறை தடுமாறும். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, தொலைபேசி எண் போன்றவற்றைப் பொதுவெளியில் போடாதீர்கள். முதல் பிரதி முடிந்ததும் பூர்வீக ஊரில் உள்ள பங்காளி வீட்டுக்கு ஒன்று அனுப்பி, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பாட்டியிடம் மறுபடி உட்கார வேண்டிய கேள்விகள் அதிலிருந்து கிடைக்கும்.